பழுப்பு ஜாஸ்பர்: கண்டறிவதும் மெருகேற்றுவதும்

நிறத்தை நம்பி ஜாஸ்பர் என்னும் மணிக்கல்லைத் தேடினால் பை நிறையச் செங்கல் துண்டும் சுண்ணாம்புக்கல்லும்தான் வீடு வந்து சேரும். பாறைகளுக்குப் பழுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் இரும்புத் துரு. ஜாஸ்பரிலும் அதேதான், கோதைட் என்னும் நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. மற்றபடி இது சிலிக்கா, மணலில் மிகுந்திருக்கும் அதே பொருள். கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் பொடிப் படிகங்கள் இறுகப் பின்னியிருக்கும். இடையில் மண், எரிமலைச் சாம்பல், இரும்பு என 20 சதவீதம் வரை கலப்பு இருக்கலாம். ஒளி ஊடுருவாததற்கு அந்தக் கலப்பே காரணம்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் பிக்ஸ் ஜங்ஷன் பக்கம் கிடைக்கும் ஜாஸ்பர் உருவான விதம் பார்க்கத்தக்கது. ஒரு பசால்ட் எரிமலைக் குழம்பு ஓடி ஆறியது. மேலே சேறு படிந்தது. அடுத்த குழம்பு வந்து மூடியது. சிலிக்கா கரைந்த நீர் சேற்றுக்குள் ஊறி அதைக் கல்லாக்கிவிட்டது. இரும்பு வரிவரியாகப் படிந்ததால், அறுத்த வில்லையில் மலைத்தொடர் வரைந்தாற்போலத் தெரியும்.

கையில் இருக்கும் கல்லை முதலில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மெல்லிய விளிம்புக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். ஒளி கசிந்தால் அது அகேட் வகை, அதுவும் சிலிக்காக் கல்தான். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல வழவழவென்று வளைந்திருக்க வேண்டும்; சர்க்கரைபோல மின்னினால் குவார்ட்சைட்டாக, அதாவது மணற்கல் இறுகி உருமாறிய பாறையாக இருக்கலாம்.

அடுத்து கத்தி. எஃகுக் கத்தி முனையால் அழுத்திக் கீறினால் சாம்பல் நிறக் கோடு விழும். பலர் இங்கேதான் கல்லைத் தூக்கிப் போடுகிறார்கள். கட்டைவிரலை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். கோடு அழிந்தால் தேய்ந்தது கத்திதான், கல் அல்ல. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் ஜாஸ்பர் 6.5 முதல் 7, கண்ணாடியையும் கீறிவிடும். சுண்ணாம்புக்கல் என்ற சந்தேகம் இருந்தால் கீறிய பொடிமேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது ஜாஸ்பர் இல்லை.

எடையும் சொல்லும். சமையலறைத் தராசில் கல் 78 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். 30 கிராம் காட்டினால் 78ஐ 30ஆல் வகுக்க 2.6, அதாவது தண்ணீரைவிட 2.6 மடங்கு கனம். ஜாஸ்பருக்கு இது சரியான எண். 3.5க்கு மேல் போனால் லிமோனைட் போன்ற இரும்புக் கனிமமாக இருக்கலாம்.

இத்தனை சோதனையிலும் தேறி ஏமாற்றுவது கல்மரம், ஏனென்றால் அதுவும் சிலிக்காதான். விழுப்புரம் அருகே திருவக்கரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். லென்ஸில் மர நார்களோ ஆண்டு வளையமோ தெரிந்தால் அது கல்மரம்.

மோதிரக்கல் செய்ய 5 அல்லது 6 மில்லிமீட்டர் வில்லை போதும். 80 எண் சாணைச் சக்கரத்தில் (எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்) வடிவம் கொடுத்து, 220, 400, 600, 1200, 3000 என்று போய், கடைசியில் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுப் பொடி குழைத்த ஃபெல்ட் கம்பளித் துணியில் தேயுங்கள். எல்லாமே தண்ணீர் ஓட ஓட நடக்க வேண்டும். உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், துணி முகமூடி அதைத் தடுக்காது. எண் மாற்றுமுன் கல்லைத் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். ஈரம் கீறலை மறைத்துவிடும். 220இல் விட்ட கோடு 3000இல் பல்லிளிக்கும். அப்போது திரும்ப 220க்கே போக வேண்டும், குறுக்குவழி கிடையாது. இரும்பு மிகுந்த மெத்தென்ற வரிகள் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும். அழுத்தத்தைக் குறையுங்கள்.

மணிக்குத் துளையிட 1 மில்லிமீட்டர் வைர முனை, தண்ணீருக்கு அடியில். பாதிவரை போய்க் கல்லைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒரே பக்கமாகப் போனால் வெளியேறும் இடம் பெயரும். நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளில் ஜாஸ்பரும் உண்டு.

தமிழ் பைபிளில் வரும் ‘வச்சிரக்கல்’ இந்தக் கல்லின் பெயர்தான், ஆனால் பழங்காலத்தில் ஜாஸ்பர் என்ற பெயர் ஒளி ஊடுருவும் பச்சைக் கல்லையும் குறித்தது. அதைப் படித்துவிட்டுப் பளிங்குபோல் மின்னும் ஜாஸ்பரைக் கேட்டு அலைய வேண்டாம்.

மெருகேற்றிய கல்லை அடுப்பருகே வைக்காதீர்கள். சுமார் 300 டிகிரியில் கோதைட் நீரை இழந்து ஹெமடைட் என்னும் சிவப்பு இரும்பு ஆக்சைடாகும், பழுப்பு சிவப்பாகிவிடும். திடீர்ச் சூட்டில் அதற்கு முன்பே கல் விரிசல் விடும்.