ஓஎஸ்பிஎஃப் ஆதன்டிகேஷன்: நெய்பர் விழாம கீ போடுறதும் மாத்துறதும்

ஓஎஸ்பிஎஃப்-ங்கிறது ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு ரூட் சொல்லிக்கிற புரோட்டோகால், அதுல நேரடியா பேசிக்கிற பக்கத்து ரவுட்டர்தான் நெய்பர். அதுல ஆதன்டிகேஷன் (அனுப்புறது நம்ம ஆளுதானான்னு கீ வச்சு செக் பண்றது) இல்லாம விட்டா, அதே செக்மென்ட்ல எவனாவது லேப்டாப்ல ரவுட்டிங் சாஃப்ட்வேர் ஏத்தி ஹலோ (நெய்பரைத் தேடுற பாக்கெட்) அனுப்பினாலே போதும், ஏரியா, மாஸ்க், டைமர் எல்லாம் ஒத்துப்போச்சுன்னா நம்ம ரவுட்டர் அவனையும் நெய்பரா சேத்துக்கும், அவன் சொல்ற ரூட்டையும் நம்பிடும்.

ஆதன்டிகேஷன்ல டைப் 0-ன்னா செக்கிங்கே இல்ல. டைப் 1-ல பாஸ்வேர்ட் அதிகபட்சம் 8 எழுத்து, அதுவும் பாக்கெட்ல அப்படியே போகும், வயர்ஷார்க் (பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற டூல்) ஓட்டினா பளிச்சுன்னு தெரியும், அதனால அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். டைப் 2-ல கீ வயர்ல போகவே போகாது. பாக்கெட்டையும் கீயையும் சேத்து எம்டி5-ங்கிற ஹேஷ் கணக்கு போட்டு, வர்ற 16 பைட் விடைய (டைஜஸ்ட்) மட்டும் பாக்கெட் வால்ல ஒட்டி அனுப்பும், வாங்குறவன் தன்கிட்ட இருக்குற கீய வச்சு அதே கணக்கைப் போட்டுப் பாப்பான், ஒத்து வரலன்னா ட்ராப். கூடவே சீக்வென்ஸ் நம்பரும் இருக்கு, பழைய பாக்கெட்டைப் பிடிச்சு வச்சு திருப்பி அனுப்பினா செல்லாது. ஆனா இது என்க்ரிப்ஷன் இல்லங்க, உள்ள இருக்குற ரூட் யாருக்கும் தெரியும்.

சிஸ்கோல இன்டர்ஃபேஸ்ல ரெண்டு லைன்:

ஐபி ஓஎஸ்பிஎஃப் மெசேஜ்-டைஜஸ்ட்-கீ 1 எம்டி5 (உங்க கீ)
ஐபி ஓஎஸ்பிஎஃப் ஆதன்டிகேஷன் மெசேஜ்-டைஜஸ்ட்

நிறைய பேர் முதல் லைனோட நிறுத்திடுவாங்க, கீ சும்மா உக்காந்திருக்கும், ஆதன்டிகேஷன் ஆன் ஆகியிருக்காது. ஈதர்நெட் லிங்க்ல டெட் டைமர் (ஹலோ வராம நெய்பரை விடுறதுக்கு முன்னாடி காத்திருக்குற நேரம்) டிஃபால்ட்டா 40 செகண்ட், அதுக்குள்ள ரெண்டு பக்கமும் முடிச்சிட்டா நெய்பர் விழாது. அந்த லிங்க் வழியாவே உள்ள போயிருக்கீங்கன்னா தூரத்து ரவுட்டர்ல முதல்ல போடுங்க, அப்புறம் இந்தப் பக்கம், மாத்திப் போட்டா எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) போயிடும், அப்புறம் வண்டி எடுத்துட்டு சைட்டுக்குத்தான் போகணும்.

கீ மாத்தணும்னா பழசத் தூக்காதீங்க. கீ 2-ஐ பக்கத்துலயே சேருங்க, எதிர்ப்பக்கம் இன்னும் பழசுலயே இருக்குற வரைக்கும் ரவுட்டரே ஒவ்வொரு பாக்கெட்டையும் ரெண்டு கீலயும் ரெண்டு தடவை அனுப்பும். ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்ல 'ரோல்ஓவர் இன் ப்ராக்ரஸ்'னு காட்டும், எல்லா நெய்பர்லயும் புதுசு ஏறினதும் அந்த லைன் காணாம போயிடும். அப்பதான் நோ போட்டு கீ 1-ஐ எடுக்கணும்.

நெய்பர் வரலன்னா டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ் போட்டுப் பாருங்க, 'மிஸ்மேட்ச்'னு வந்தா கீ ஐடிய முதல்ல செக் பண்ணுங்க, பாஸ்வேர்ட் ஒண்ணா இருந்தும் ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் 2-ன்னு இருந்தா சேராது.

எம்டி5 பழசாயிடுச்சு, 2009-ல வந்த ஆர்எஃப்சி 5709-ங்கிற தர ஆவணத்துலயே ஷா-ங்கிற ஹேஷ் முறைய சேத்துட்டாங்க, சிஸ்கோவோட புது ஐஓஎஸ் சாஃப்ட்வேர்ல கீ செயின் (கீ லிஸ்ட்) வழியா ஹெச்மேக் ஷா-256 போடலாம். அதுல கீக்கு லைஃப்டைம் வைக்கிறதா இருந்தா என்டிபி (கடிகாரத்தை ஒத்து வைக்கிற சர்வீஸ்) ஓடுதான்னு மொதல்ல பாத்துக்கோங்க, கடிகாரம் ரெண்டு பக்கமும் வேற வேற ஓடினா ஒருத்தன் புது கீக்கு மாறியிருப்பான், இன்னொருத்தன் பழசுலயே நிப்பான்.