கடற்கரை வீட்டில் எஸ்.எச்.2000: உப்பிலிருந்து மீட்கும் முறை

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1970களில் வெளியிட்ட எஸ்.எச்.2000, 37 கட்டைகளும் 30 ஆயத்த ஒலிகளும் கொண்ட அனலாக் சின்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலி எழுப்பும் இசைக்கருவி. ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் ஒலிக்கும். ஜன்னல் கம்பி எத்தனை விரைவில் துருவேறும் என்பதை அறிந்த பாம்பன், மண்டபம் பகுதி மக்களுக்கு, இக்கருவியின் பகை எது என்று சொல்ல வேண்டியதில்லை.

கருவி கைக்கு வந்ததும் மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். பின்புறத்தில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தை முதலில் படியுங்கள். ஜப்பானிய வீடுகளுக்கானது 100 வோல்ட் கருவி. அதை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மின்வழங்கி கருகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

பழுதை இனங்காண்பதில்தான் பொறுமை வேண்டும். எல்லா ஒலிகளும் ஒரே ஒலிச்சுற்றிலிருந்தே பிறக்கின்றன. ஆயத்த ஒலிகளைத் தேர்ந்தெடுக்கும் வண்ணப் பொத்தான்கள் அச்சுற்றின் அளவுகளை மாற்றுகின்றன, அவ்வளவே. ஆகவே, ஒரு பொத்தானில் மட்டும் ஒலி கரகரத்தால் அப்பொத்தானின் தொடுமுனையையும் (மின்சாரம் கடக்கத் தொட்டுக்கொள்ளும் உலோக முனை), ஒரு கட்டை மட்டும் ஊமையாக இருந்தால் அக்கட்டையின் தொடுமுனையையும், எல்லா ஒலிகளுக்கும் அடியில் இரைச்சல் கேட்டால் மின்வழங்கியில் வறண்டுபோன கெப்பாசிட்டர்களையும் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்புகள்) சந்தேகிக்க வேண்டும். கெப்பாசிட்டர் மாற்றுவதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

தொடுமுனைகளை நீங்களே துடைக்கலாம். மின்இணைப்பைக் கழற்றி மூடியைத் திறந்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், பழைய செம்புக் குடத்தில் படிவது போன்ற பச்சைக் களிம்பு தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய காகிதத் துண்டைத் தொடுமுனைகளுக்கு இடையே நுழைத்து, காகிதம் கறையின்றி வெளிவரும்வரை மெதுவாக இழுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் விடும் வழக்கத்தை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். அது மணலையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பொத்தான்களில் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது முப்பது முறை அழுத்திவிடுங்கள்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலருகே கருவியை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்பதால், பருத்தித் துணியால் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வையுங்கள்.

சூடேறும்வரை சுருதி நகரும். இருபது நிமிடம் கழித்தே ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு ஒரு கட்டையைப் பிடித்தபடியே விரலை இன்னும் ஆழமாக அழுத்துங்கள். அந்த அழுத்தத்தை உணர்ந்து சுரம் அதிரத் தொடங்கினால், உங்கள் வேலை சரியாக முடிந்தது.