நர்ஸ் வேலை வெறுத்துப்போனால், ராஜினாமா எழுதும் முன் என்ன செய்வது

டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது, பெல் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது, முன்பெல்லாம் பெயர் சொல்லி விசாரித்த நோயாளி இப்போது வெறும் "ஆறாம் பெட்" ஆகிவிட்டார், வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இந்த நிலையில் இருக்கிற நர்ஸ்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகள்தான் என் மனதில் இருக்கின்றன. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு டபுள் டியூட்டி பார்த்துவிட்டு, "எனக்குத்தான் இந்த வேலைக்குத் தெம்பு இல்லையோ" என்று தன்னையே நொந்துகொள்கிற பிள்ளைகளை அங்கே நிறையப் பார்க்கலாம்.

முதலில் அந்த நினைப்பை விடுங்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது, அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலை இடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. அதற்கு மூன்று அடையாளம்: ஒட்டச் சுரண்டி எடுத்த மாதிரி அசதி, வேலைமேல் வெறுப்பு அல்லது மனசு ஒட்டாமை, எதையுமே உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். 2002இல் நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினால் அவருக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது, வேலை பிடிக்காமல் போகும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுகிறது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸை நோகடிக்கிற அதே எண்ணிக்கைதான் நோயாளியையும் கொல்கிறது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது வார்டில், கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர், ஐ.சி.யூவில் ஒருவருக்கு ஒருவர். இதற்குமேல் லீவு போடுகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் பேர் தனியாக இருக்க வேண்டும். நேற்று ராத்திரி உங்கள் வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப் என்று இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அசதியா, வேறு ஏதாவதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

சேர்ந்தாற்போல நாலைந்து நாள் லீவு கிடைத்து ஊருக்குப் போனால் மனசு லேசாகி, திரும்பி வரும் பஸ்ஸில் ஏறும்போது மறுபடி கனக்கிறதா? அப்படியானால் பிரச்சினை பெரும்பாலும் வேலையில்தான். ஊருக்குப் போயும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் ரத்தம் எடுத்துக் கொடுக்கிற நாம் நம் ரத்தத்தைப் பரிசோதிப்பதே இல்லை. ரத்தசோகையை வைத்துக்கொண்டு பர்ன்அவுட் என்று நினைத்திருப்பவர்கள் உண்டு.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வார்டு அலமாரியில் தூக்க மாத்திரை இருக்கிறது, வலி ஊசி இருக்கிறது, போட்டுக்கொள்ளவும் நமக்குத் தெரியும். நைட் முடிந்து தூக்கம் வரவில்லை என்று ஒரு மாத்திரையில் ஆரம்பிப்பது எங்கே போய் நிற்கும் என்று நாமே நோயாளிகளிடம் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு முறை தோன்றினாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கூப்பிட்டுவிட்டு, உங்கள் கூட ரூமில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

நாலு வாரம் எழுதி வையுங்கள்

"ரொம்ப வேலை மேடம், முடியல மேடம்" என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. நோட்டு போட்டு எழுதுங்கள். யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்குகிற சின்ன நோட்டு போதும். ஒரு டியூட்டிக்கு ஒரே வரி. உதாரணத்துக்கு இப்படி: "செவ்வாய், நைட். 22 நோயாளி, 2 ஸ்டாஃப், 1 மணிக்கு எங்களில் ஒருவரை ஐ.சி.யூ டியூட்டிக்கு அனுப்பினார்கள். 2 அட்மிஷன், 1 டெத். சாப்பிடவில்லை. 7.30க்கு முடிய வேண்டியது, 8.50க்குக் கிளம்பினேன்." நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர் எதுவும் அதில் வரக் கூடாது, சார்ட்டைப் போட்டோ எடுக்கவே கூடாது. அப்படிச் செய்தால் உங்கள் பக்கம் இருக்கிற நியாயம் உங்களுக்கே எதிராகத் திரும்பிவிடும்.

நாலு வாரம் ஆனதும் ஒரு ஆஃப் நாளில் உட்கார்ந்து முதலிலிருந்து படியுங்கள். "வேலையே பிடிக்கவில்லை" என்று மொத்தமாகத் தெரிந்தது அப்போது பிரிந்து தெரியும். சிலருக்கு அது முழுக்க நைட் டியூட்டி. சிலருக்கு ஒரே ஒரு இன்சார்ஜ் (வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர்), அவர் லீவில் இருந்த வாரத்தில் எல்லாமே நன்றாக இருந்திருக்கும். சிலருக்கு ஆள் பற்றாக்குறை. சிலருக்கு வேலை பிடித்துத்தான் இருக்கிறது, சம்பளம்தான் கடன் கட்டக் காணவில்லை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. இன்சார்ஜோடுதான் பிரச்சினை என்றால் வார்டு மாற்றம் கேட்டாலே தீர்ந்துவிடும், அதற்காகத் தொழிலையே விட வேண்டியதில்லை.

மேலே இருப்பவர்களிடம் கேட்கும்போது

ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள், அதுவும் அவர்களால் செய்ய முடிந்ததாக இருக்கட்டும். நைட்டில் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ரத்தம் எடுக்க வேண்டும், ஜி.ஆர்.பி.எஸ் (ரத்த சர்க்கரை) பார்க்க வேண்டும், ஆறு மணி ஆன்டிபயாடிக் போட வேண்டும், ஸ்பான்ஜ் கொடுக்க வேண்டும், இன்டேக் அவுட்புட் கூட்டி எழுத வேண்டும், காலையில் ஓ.டிக்கு (ஆபரேஷன் தியேட்டருக்கு) போகிறவரைத் தயார் செய்ய வேண்டும். எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில். மருந்து மாறிப்போகிற ஆபத்து அதிகம் இருப்பதும் அப்போதுதான். அதனால் "இன்னும் நாலு ஸ்டாஃப் வேண்டும்" என்று கேட்பதைவிட, "4 முதல் 7 வரை ஒரு உதவியாளரையாவது எங்கள் வார்டுக்குக் கொடுங்கள், ராத்திரி எங்களில் ஒருவரை வேறு வார்டுக்கு அனுப்பாதீர்கள்" என்று கேட்டால் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கும் அதை நிர்வாகத்திடம் கொண்டுபோக வசதியாக இருக்கும். அவரும் நர்ஸாக இருந்து வந்தவர்தான்.

தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள். பேசிவிட்டு, பேசியதை அப்படியே எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். கடிதத்தில் அழுகை வேண்டாம், நோட்டில் இருக்கிற எண்கள் போதும்: "கடந்த 28 நாளில் 11 நைட்டில் 20 நோயாளிக்கு மேல் இருந்தனர், இரண்டு ஸ்டாஃப் மட்டுமே இருந்தோம், அதில் 7 முறை ஒருவர் வேறு வார்டுக்கு அனுப்பப்பட்டார்." நோயாளியின் பாதுகாப்பு என்ற சொல் கடிதத்தில் கண்டிப்பாக இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது தவறு நடந்து பழி உங்கள்மேல் விழும்போது, முன்னாலேயே எச்சரித்தோம் என்பதற்கு அந்த நகல்தான் சாட்சி.

நோயாளியோடு வந்தவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவது, கை ஓங்குவது இதையெல்லாம் "சகஜம்தான் சிஸ்டர்" என்று விட்டுவிடாதீர்கள். மனசை அரிப்பதில் பாதி இதுதான். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அதில் நர்ஸ்களும் அடக்கம். நடந்த அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். உள்ளே இருப்பவர்களே தப்பாக நடந்தால், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லை புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

சம்பளம் மட்டும் தனி ஆளாகக் கேட்டு நடக்கிற காரியம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலேகூட நர்ஸ் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து பல வருடம் போராடியதால் 2018இல் அந்த 20,000 அரசாணையாகவே வந்தது. இங்கே அது இன்னும் பரிந்துரையாகத்தான் கிடக்கிறது. அரசுப் பக்கமும் 2015இல் எம்.ஆர்.பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தது 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட உட்கார்ந்த பிறகுதான் ஊர் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. சங்கம் என்றாலே பயப்படுகிறவர்கள் இதை யோசியுங்கள்.

நைட் டியூட்டி

ஷிப்ட் மாறும்போது காலை, மதியம், நைட் என்ற வரிசையில் மாறினால் உடம்பு ஓரளவு பழகும். தலைகீழாக, நைட் முடித்தவரை ஒரே நாள் இடைவெளியில் காலை டியூட்டிக்கு வரச் சொன்னால் எந்த உடம்பும் தாங்காது. முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடுங்கள். நைட்டில் காபி, டீ எல்லாம் மூன்று மணியோடு நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் படுக்கையில் புரண்டுகொண்டுதான் இருப்பீர்கள். ஹாஸ்டலில் தூங்க விடமாட்டார்கள் என்றால், நைட் போகிறவர்கள் எல்லாம் ஒரே ரூமில் இருக்கும்படி வார்டனிடம் கேட்டு வாங்கலாம்.

நைட் முடிந்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போல ஆகிவிடுகிறது என்று 1997லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று நம் சட்டம் வைத்திருக்கிற வரம்பே 0.03 சதவீதம்தான். பஸ்ஸில் போங்கள், அண்ணனையோ அப்பாவையோ வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டியூட்டி ரூமிலேயே அரை மணி நேரம் தலையைச் சாய்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லீவு, அப்புறம் விலகுவது

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்கு இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ என்றால் மருந்துச் சீட்டு மட்டும்தான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கிக்கொண்டு ஓய்வு எடுக்கலாம். மனச்சோர்வும் நோய்தான், அதற்கும் சான்றிதழ் தருவார்கள். உடம்பு முடியாமல் வேலையை விடுகிறவர்கள் விடும் முன் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், உங்கள் காசுதான் அது.

எல்லாம் செய்து பார்த்தும் சரிவரவில்லை என்றால் விலகுங்கள், அதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரில் பார்த்து, மெயிலில் ராஜினாமா அனுப்பி, ரிலீவிங் ஆர்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் வாங்கிய பிறகு கிளம்புங்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் வார்டு பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்க வேண்டும். நாளைக்கு வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ விண்ணப்பிக்கும்போது ஒரு தேதி மாறினாலும் மாசக்கணக்கில் இழுத்துவிடும். பி.எஃப் கணக்கில் விலகிய தேதியை ஏற்றிவிட்டார்களா என்று உங்கள் யு.ஏ.என் எண்ணைப் (பி.எஃப் கணக்குக்கான நிரந்தர எண்) போட்டு நீங்களே பாருங்கள்.

பாண்டு (இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறது, ஒரிஜினல் சான்றிதழைத் தரமாட்டோம் என்று மிரட்டினால் நடுங்க வேண்டாம். கல்விச் சான்றிதழ் என்பது பிணையாகப் பிடித்து வைக்கிற சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். புதிதாகச் சேருகிற தங்கைகள் யாராக இருந்தாலும் ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

அடுத்து எங்கே என்பதைப் பொறுத்தவரை, வார்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டயாலிசிஸ், ஓ.பி, தொற்றுத் தடுப்பு, கல்லூரி ட்யூட்டர் என்று நர்சிங்குக்குள்ளேயே வேறு இடங்கள் உண்டு. படிக்கத் தெம்பு இருந்தால் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை எழுதுங்கள், அடிப்படைச் சம்பளமே 44,900. வெளிநாடு என்றால் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் என்ன அறிவிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, டியூட்டி லிஸ்ட் போடுகிற இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு. நைட் முடித்தவருக்கு இரண்டு நாள் ஆஃப் சேர்த்துக் கொடுங்கள், லிஸ்ட்டை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டுங்கள், வார்டில் டெத் நடந்த அன்றைக்கு அந்தப் பெட்டைப் பார்த்த பிள்ளையைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைத்துவிட்டு அடுத்த அட்மிஷனை வேறு ஒருவருக்குக் கொடுங்கள். இதற்கு நிர்வாகத்தின் அனுமதி எதுவும் தேவையில்லை, இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.