அதிகாரத்தையும் ஏற்றத்தாழ்வையும் மாணவர்களோடு பேசுவது எப்படி? சித்தூர் வட்டத்து ஆசிரியர்களுக்கு

உலகக் குடியுரிமை என்றதும் பல பள்ளிகளில் நாட்டுக்கொடிகளை வரைந்து ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்வழி மாணவர்களோடு, உலகக் குடியுரிமையின் உள்ளே இருக்கும் அதிகாரத்தையும் ஏற்றத்தாழ்வையும் பேச விரும்புவோர் தண்ணீரிலிருந்து தொடங்குவது நல்லது. யார் முடிவெடுக்கிறார், யாருக்கு எது கிடைக்காமல் போகிறது என்பதை அவர்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருப்பார்கள்.

முதலில், இதே வட்டத்தில் உள்ள பிளாச்சிமடா என்ற ஊரின் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதிக் கொடுங்கள். பெருமாட்டி பஞ்சாயத்தின் உரிமத்தோடு 2000-இல் அங்கே தொடங்கிய கோகோ கோலா ஆலையால் கிணற்று நீர் குறைந்து கெட்டுவிட்டது என்று, 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வூர் ஆதிவாசிப் பெண்ணான மயிலம்மா அதில் முன்னின்றார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010-இல் இழப்பைச் சுமார் 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஆனால், இழப்பீட்டுக்காகச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

படித்து முடித்ததும், குடம் சுமந்த பெண், பஞ்சாயத்து, மாநில அரசு, தில்லி, அட்லாண்டாவில் உள்ள தலைமையகம், வெளியூரில் அந்தப் பானத்தைக் குடித்தவர் என ஒவ்வொரு தரப்பின் பெயரையும் மாணவர்களே ஒரு தாளில் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, "இவரால் எதை முடிவுசெய்ய முடிந்தது?", "முடிவு தவறினால் இவர் எதை இழப்பார்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதச் சொல்லுங்கள். முடிவெடுப்பவரும் இழப்பவரும் வேறு வேறு என்பதை அவர்கள் தாங்களாகவே காணும்வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஆதிவாசிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையை மட்டும் எழுப்பி, "உங்க ஊர்லதானே நடந்துச்சு, நீ சொல்லு" என்று கேட்கவே கூடாது. பேச விரும்பாத உரிமையும் அந்தப் பிள்ளைக்கு உண்டு. எல்லாரும் எழுதி முடித்த பிறகு பேச்சைத் தொடங்கினால் கடைசி வரிசையின் கருத்தும் மேசைக்கு வந்து சேரும்.

அடுத்து, தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளச் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் கையெழுத்தான அதன்படி, மாநில எல்லையருகே உள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தரப்பட வேண்டும். மாமன் தோப்பு தமிழ்நாட்டு ஆனைமலையில், அப்பாவின் வயல் சித்தூரில் என்றிருக்கும் பிள்ளைகள் இங்கே பலர். எதிர்த் தரப்புக்காக வாதாடச் சொன்னால், உரிமை என்பது எந்த எல்லையோடு முடிகிறது என்ற கேள்வியை அவர்களே எழுப்புவார்கள். 193 நாடுகள் கொண்ட ஐக்கிய நாடுகள் அவையில், பாதுகாப்பு மன்றத்தின் முடிவைத் தடுக்கும் அதிகாரம் (வீட்டோ) ஐந்து நாடுகளுக்கு மட்டும் இருப்பதை அந்த நேரத்தில் சொல்லுங்கள், முன்னதாக வேண்டாம்.

குழந்தைகளின் கருத்துக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்கிறது, இந்தியா 1992-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. எனவே அவர்கள் எழுப்பும் கேள்விகளை மனுவாக்கி வார்டு உறுப்பினரிடம் கொடுக்கச் செய்யுங்கள். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவின்படி குறைதீர் மனுவைத் தமிழிலேயே தரலாம். மலையாளப் படி ஒன்றையும் இணைத்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்குத் தேதியிட்ட ரசீதை மாணவர்களே கேட்டு வாங்கட்டும்.