கோலாலம்பூர் – திருச்சி: வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும் முறை

காலை 10.00 மணிக்குக் கோலாலம்பூரில் புறப்பட்டு 11.30க்குத் திருச்சியில் இறங்குவதாகப் பயணச்சீட்டில் இருந்தால், ஒன்றரை மணி நேரப் பயணம் என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் எண்ணி, சர்க்கரை மாத்திரையையும் பகல் உணவையும் ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். உண்மையில் அது நான்கு மணி நேரப் பயணம். வயதானவர்களை அனுப்பிவைக்கும் வீடுகளில் இந்தக் கணக்கை ஒருவராவது சரியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தூரம். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, செப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. எனப்படும் கோலாலம்பூர் விமான நிலையத்தின்மீது வலப்புறச் சொடுக்குப் போட்டால் அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியும்: 2.75 வடக்கு, 101.71 கிழக்கு. திருச்சி விமான நிலையத்துக்கு 10.77 வடக்கு, 78.71 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 8.02 பாகை, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பதால் 890 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 23 பாகை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், 111ஆல் பெருக்கிய பின் இரு ஊர்களின் சராசரி அட்சரேகைக்குரிய கொசைன் (கணிப்பானில் cos) மதிப்பான 0.993ஆலும் பெருக்க வேண்டும். 2,535 கிலோமீட்டர் கிடைக்கும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு கர்ணத்தைக் கண்டால் சுமார் 2,690 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு இந்த எளிய கணக்கே போதும். லண்டன் போன்ற தொலைதூர ஊர்களுக்கு இது பிழையாகிவிடும், அங்கே வரைபடத்தில் உள்ள தூரம் அளக்கும் வசதியையே நம்ப வேண்டும்.

பினாங்கு வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 2,450 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரில் விமானம் மாறினால் முதலில் தெற்கே 325 கிலோமீட்டர் வந்து, பிறகு 2,690 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. இடையில் காத்திருக்கும் நேரம் தனி.

அடுத்து நேரம். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 840 கிலோமீட்டர் பறப்பதாகக் கொண்டால் 2,690 கிலோமீட்டருக்கு மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலேறுவதற்கும், இறங்குவதற்கும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றும் கணக்கை மாற்றும்: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்திய வானின் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசுவதால், போகும்போது நேரம் குறையும், திரும்பும்போது கூடும்.

இதைச் சீட்டோடு ஒப்பிடும்போது, சீட்டிலுள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதை மறக்கக் கூடாது. மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. ஆகவே போகும்போது சீட்டில் தெரியும் இடைவெளியோடு இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும்; வரும்போது கழிக்க வேண்டும். திருச்சியில் இரவு 10.30க்கு ஏறி இங்கே காலை 5.00க்கு இறங்கினால், ஆறரை மணியில் இரண்டரை போக, அதுவும் நான்கு மணி நேரம்தான். அழைத்துப்போக வருபவரிடம் மறுநாள் தேதியைச் சொல்லிவிடுங்கள்.