நோம்பிக் கச்சேரிக்குத் தொண்டையைக் காப்பாற்றும் வழி: கிளவுஸ் மைனேயிடம் நான் கற்றது

பங்குனி, சித்திரை வந்தால் எங்களுக்கு நோம்பிக் காலம், அதாவது கோயில் திருவிழாக் காலம். பவானி, அந்தியூர், கோபி, சத்தி என்று பூச்சாட்டிய ஊரிலெல்லாம் கச்சேரி இருக்கும். ஒரு மாசத்தில் 20 மேடை ஏறுவது சாதாரணம். 26 வருஷமாகப் பாடுகிறேன். புதிதாக வரும் தம்பிகளும் தங்கச்சிகளும் மூன்றாவது சீசனிலேயே குரல் கரகரத்துப் போய் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் வழிகாட்டியவர் ஒரு ஜெர்மன்காரர். ஸ்கார்பியன்ஸ் ராக் குழுவின் பாடகர் கிளவுஸ் மைனே. 1948இல் ஹனோவரில் பிறந்தவர். குழு 1965இல் தொடங்கியது, இவர் 1970 வாக்கில் சேர்ந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மைக் அவர் கையில்தான் இருக்கிறது. எங்கள் கீபோர்டு அண்ணன் வேனில் போட்ட கேசட்டில்தான் அவர் குரலை முதலில் கேட்டேன்.

முதல் வேலை, காது கொடுத்துக் கேட்பது. மைனே பாடிய 'ஸ்டில் லவ்விங் யூ' பாட்டை ஹெட்போன் போட்டுத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். 1984இல் வந்த பதிவு, ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஆரம்பத்தில் கிடார் கம்பி ஒவ்வொன்றாக அதிர, அவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரல் கொடுப்பார். சரணத்தில் கொஞ்சம் ஏற்றி, மறுபடி இறங்கி வந்துவிடுவார். தொண்டையில் இருப்பது முழுவதையும் எடுப்பது கடைசியில்தான். அடுத்து 2011இல் அதே பாட்டை அவர்களே மறுபடி பதிவு செய்ததைக் கேளுங்கள். இடையில் 27 வருஷம். எந்த இடத்தில் அழுத்தம் குறைந்திருக்கிறது, எந்த வரியை வேறு மாதிரி முடிக்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று நாள் இதையே செய்தேன்.

நம் மேடையில் நடப்பது நேர் எதிர். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் அம்மன் பாட்டு, அதுவும் உச்சத்தில். தொண்டை இன்னும் சூடாகியிருக்காது, கூட்டம் சாமியாட ஆரம்பித்திருக்கும். அந்த வேகத்தில் நாமும் கத்திவிடுவோம். அதனால் கச்சேரிக்கு அரை மணி முன்பே வாயை மூடி ஹம்மிங்கில் ஆரம்பித்து மெதுவாக மேலே போங்கள். முதல் இரண்டு பாட்டைச் சுருதியில் அரைக் கட்டை இறக்கி வாசிக்கச் சொல்லுங்கள். சாமி கோவித்துக்கொள்ளாது, கேட்பவர்களுக்கும் தெரியாது.

மைக் செட்காரரிடம் சண்டை போட்டாவது மானிட்டரில், அதாவது மேடையில் நம் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கரில், உங்கள் குரலை ஏற்றி வாங்குங்கள். பேடும் டிரம்ஸும் அடிக்கிறபோது நம் குரல் நம் காதில் விழாவிட்டால், தெரியாமலேயே கத்துவோம். பாதித் தொண்டை போவது இங்கேதான்.

அடுத்து, குரல் போய்விட்டால் என்ன செய்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது 31 வயது. பெருந்துறைப் பக்கம் ஒரு கோயில் கச்சேரியில் மேல் ஸ்தாயி போகும்போது சத்தம் இரண்டாகப் பிளந்தது. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுக்கொண்டு இன்னும் ஒன்பது மேடை பாடினேன். பகலெல்லாம் கிசுகிசுப்பாகவே பேசினேன், தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. இரண்டுமே தப்பு. மிளகு தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல் நாணில் படாது, அது மூச்சுக் குழாய்ப் பக்கம் இருக்கிறது. கிசுகிசுப்பது குரல் நாணை இன்னும் கஷ்டப்படுத்தும், பேசாமலிருப்பதுதான் ஓய்வு. டாக்டர் கேமரா விட்டுக் காட்டினார். இரண்டு நாணிலும் எதிரெதிராகக் கம்பு மணி மாதிரி முடிச்சு. மூன்று மாசம் மேடை கூடாது என்றார்.

நான் பாடிக்கொண்டிருந்த குழு மறுநாளே வேறு பையனை ஏற்றிவிட்டது. எனக்கு ஒரு போன் கூட வரவில்லை. அன்றைக்குப் பொழுதோட கீபோர்டு அண்ணன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, நீ பேசாத, நாஞ் சொல்றதக் கேளு. அந்த ஜெர்மன்காரனுக்கும் இதே வந்துச்சு.”

1981. 'பிளாக்கவுட்' ஆல்பத்துக்கு வேலை நடக்கும்போது மைனேவின் குரல் போய்விட்டது. குரல் நாணில் அறுவை சிகிச்சை. வேறு ஆளைப் பாருங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். குழுவினர் கேட்கவில்லை, காத்திருந்தார்கள். வேலை நிற்காமலிருக்க டான் டாக்கன் என்ற அமெரிக்கப் பாடகர் மாதிரிப் பதிவுகளுக்குப் பாடிக் கொடுத்தார். மைனே சிகிச்சையும் பயிற்சியும் முடித்துத் திரும்பி வந்து பாடிய ஆல்பம் 1982இல் வெளியானது. 'ஸ்டில் லவ்விங் யூ' அதற்கும் இரண்டு வருஷம் கழித்து வந்தது. அவர் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு ஞாபகம் வருகிற பாட்டெல்லாம் பெரும்பாலும் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு பாடியவை.

குழு நடத்தும் அண்ணன்மார் இதைத் தயவு செய்து படியுங்கள். மாற்றுப் பாடகர் ஒருவர் எப்போதும் கையில் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் படுத்திருப்பவரிடம் “உன் இடம் இருக்குது, நல்லாயிட்டு வா” என்று போய்ச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாததால்தான் ஆறாத தொண்டையோடு அடுத்த மேடையில் ஏறுகிறோம். பாடுகிறவர்களுக்கு: கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். முடிச்சு என்றாலே கத்தி என்று பயப்பட வேண்டாம். எனக்குக் குரல் பயிற்சியிலேயே கரைந்தது.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் பகல் ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி பாட வருகிறவர்கள் மாஸ்க் போடாமல் இருக்காதீர்கள், பஞ்சுத் தூசி பொல்லாதது.

பாட்டு வரிசை போடும்போது தொண்டைக்கு மூச்சு வாங்க இடம் விடுங்கள். 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' மைனே தானே எழுதியது. 1989 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த இசை விழாவுக்குப் போய்வந்த பிறகு எழுதினார். அதன் தொடக்கம் வெறும் விசில். உதடும் மூச்சும் வேலை செய்கின்றன, குரல் நாண் சும்மா இருக்கிறது. உங்களுக்கு விசில் வராவிட்டால் கீபோர்டில் புல்லாங்குழல் பிட் ஒன்றை நீட்டச் சொல்லுங்கள். நாலு உச்சப் பாட்டை அடுத்தடுத்து வைக்கவே வைக்காதீர்கள்.

வாளையார் தாண்டிக் கேரளாவில் மேடை கிடைத்தால் ஒரு மலையாளப் பாட்டையாவது அர்த்தம் கேட்டு, உச்சரிப்புத் திருத்திப் பாடுங்கள். மைனே தாய்மொழி அல்லாத இங்கிலீஷில்தான் வாழ்நாளெல்லாம் பாடுகிறார். 1978இல் டோக்கியோ மேடைப் பதிவு வந்தது, அதில் ஜப்பான்காரர்களுக்காக அவர்கள் பாட்டை அவர்கள் மொழியிலேயே பாடியிருப்பார்.

முடியாது என்று சொல்லவும் பழகுங்கள். 2017இல் அமெரிக்கப் பயணத்தின் நடுவில் தொண்டை வீங்கியபோது, மீதி நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டு ஊர் திரும்பினார் மைனே. அவ்வளவு பெரிய மேடையையே விட முடிந்தது. 2025 ஜூலையில் ஹனோவர் ஸ்டேடியத்தில் குழுவின் 60ஆம் ஆண்டுக் கச்சேரி. 77 வயதில் சொந்த ஊரில் நின்று பாடினார்.

நான் முடிச்சுக்குப் பிறகு கீபோர்டு அண்ணனோடு வேறு குழுவுக்கு வந்துவிட்டேன். ஒன்றரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவன் இப்போது ஒரு கட்டையில் பாடுகிறேன். போன பங்குனியில் அந்தியூரில் தொடர்ந்து நாலாவது நாள் மேடை. தொண்டை கொஞ்சம் கனமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. முதல் பாட்டுக்கு மைக்கை எடுத்ததும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விரல் ஏற்கெனவே சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் இருந்தது.

“இன்னும் அரை எறக்கிட்டேன், நீ பாடு.”