பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தோட்டா தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்கு 'டிராப்டோர்' என்று செல்லப் பெயர். அதன் பின்பக்க அடைப்பு பெட்டி மூடியைப் போல மேல்நோக்கித் திறக்கும். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். தோட்டாவின் பெயர் 45-70. குழலின் விட்டம் 0.45 அங்குலம், கருமருந்து எனும் பழைய வகை வெடிமருந்து 70 கிரெயின், அதாவது சுமார் நாலரை கிராம்.

அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 45-70 தோட்டா இன்றும் தயாராகிறது, ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு பலத்தில். அமெரிக்கத் தொழில்துறைத் தரத்தின்படி இதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. புதிய லீவர் ரைபிள்களுக்கென்று நிரப்பப்படும் சில தோட்டாக்கள் 40,000-ஐ எட்டும். ரூகர் நம்பர் 1 போன்ற உறுதியான ரைபிள்களுக்கானவை அதையும் தாண்டும். வெளி அளவில் எல்லாம் ஒன்றே. எந்தத் தோட்டாவும் அந்தப் பழைய துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், மூடியும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், கூடுதல் அழுத்தத்தை அந்தப் பழைய துப்பாக்கி தாங்காது. டிராப்டோருக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். அதற்கும் முன்னால், பழைய துப்பாக்கிகளை அறிந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் கீலையும் பூட்டையும் காட்டிவிட வேண்டும்.

சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்கள் செய்யும் தவறு இன்னும் கொடியது. கருமருந்து இருந்த இடத்தில் அதே கன அளவுக்குப் இக்காலத்துப் புகையில்லா வெடிமருந்தை நிரப்பினால் துப்பாக்கி வெடித்துச் சிதறும். கருமருந்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு: மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விடக் கூடாது, குழல் வளையமாகப் புடைத்துக்கொள்ளும். குதிரைப்படையின் கார்பைன் எனும் குட்டை ரைபிளுக்கு 55 கிரெயின்தான் போட்டார்கள். மிஞ்சிய இடத்தை அட்டை முதலியவற்றால் அடைத்தார்கள்.

குண்டின் விட்டத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கடைக் குண்டு பெரும்பாலும் 0.458 அங்குலம், பழைய குழல்கள் பலவற்றின் உள்விட்டம் அதைவிடப் பெரியது. குண்டு தளர்ந்தால் குறி தவறும், குழலில் ஈயம் படியும். ஆகவே குழலை அளந்துவிடுங்கள். காலிக் குழலில் எண்ணெய் தடவி, குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிய, மென்மையான ஈயத் துண்டு ஒன்றை மரக்கோலால் மெல்லத் தட்டி மறுமுனை வழியாக வெளியே எடுங்கள். குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிகளின் அச்சு அதில் அப்படியே பதிந்திருக்கும். இங்கேதான் ஒரு சிக்கல்: ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மூன்றே வரிப்பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு வரும் என்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் பிழையான அளவைக் காட்டும். 'வி' வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் தேவை. கிடைத்த அளவுக்குச் சற்றே கூடுதலான, மென்மையான ஈயக் குண்டைத் தேர்ந்தெடுங்கள்.

மருந்தையும் குண்டையும் தாங்கும் தோட்டாக் கூட்டின் உலோகமும் முக்கியம். 1876-இல் அமெரிக்கக் குதிரைப்படை பூர்வகுடிகளோடு மோதிய லிட்டில் பிக்ஹார்ன் போரில் சிலருடைய கார்பைன்களில் செப்புக் கூடுகள் அறையில் சிக்கிக்கொண்டன. அக்காலத்துச் செப்புத் தோட்டா கிடைத்தால் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுடுவதற்குப் புதிய பித்தளைக் கூடே நல்லது.

கருமருந்து சுட்ட அன்று துப்பாக்கியை அப்படியே மூலையில் சாய்த்துவிடாதீர்கள். எஞ்சிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னத் தொடங்கும். துணி கறுப்பில்லாமல் வரும்வரை சுடுநீரால் குழலைத் துடைத்து, உலர்ந்ததும் எண்ணெய் பூசி வையுங்கள்.